அம்பாளுக்குள் போன பொன்

பரோடா
18.11.1969

பாகீரதி,

இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நடவு, தீபாவளி, அப்பாவுக்கு ஜுரம் என்று எதையாவது சொல்லப்போகிறாய். சொல். கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள். பழகிவிட்டது என்று வீட்டுக்கு எழுதினேன். உனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பருவம் முழுக்கப் பழைய கலப்பு உலோகங்கள். ரோமானியர்கள் ஒரு வெண்கலத்துக்காகப் பைத்தியமாக அலைந்திருக்கிறார்கள். கொரிந்து வெண்கலம். பொன்னுக்கும் மேலாக வைத்தார்களாம். கொரிந்து என்ற கிரேக்க நகரத்தை அவர்களே எரித்தார்கள். அப்போது கோயில்களிலும் வீடுகளிலும் இருந்த பொன், வெள்ளி, செம்பு எல்லாம் உருகித் தெருவில் ஒன்றாக ஓடியது, அதிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை. பேராசிரியர் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டுக்கதை என்றார். செம்பில் கொஞ்சம் பொன்னும் வெள்ளியும் சேர்த்து, ஏதோ ஒரு புளிப்பு நீரில் ஊறவைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு கறுத்து ஊதா பாய்ந்துவிடும். அந்தக் கறுப்புக்குத்தான் அத்தனை விலை.

ஆனால் ரோமானியர்களுக்குக் கதைதான் வேண்டியிருந்தது. ஊரை எரித்தவர்கள் இல்லையா.

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது. பழைய சிலைகளின் உலோகத்தைப் பகுத்துப் பார்க்கும் வேலை, கூடவே படிப்பு. கும்பகோணம் கல்லூரியில் எங்கள் வேதியியல் வகுப்பின் முதல் மாணவி வலங்கைமான் பக்கத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஜூன் பதினைந்துக்குள் வந்து சேரவேண்டும். முதல் வருடம் விடுதிச் செலவு மட்டும் உன்னுடையது.

உன் அம்மாவின் வளையல்கள் இருக்கின்றன. அவைதான் உன் ரயில் என்று நீயே சொல்வாய்.

ஹமீதா


கீழவிளத்தூர்
வலங்கைமான் வழி
3.12.1969

ஹமீதா,

ஜுரம் இல்லை. நடவும் முடிந்துவிட்டது. எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். இப்போது இருக்கிறது.

சட்டம் மாறப்போகிறது. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர். மீதி உழுகிறவர்களுக்கு. கும்பகோணத்து வக்கீல் பஞ்சநதம் அடிக்கடி வருகிறார். கூடத்தில் அப்பாவும் அவரும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் காப்பி கொண்டுபோனால் பேச்சு நிற்கும். ஒருநாள் நிற்கவில்லை. என்னையும் உட்காரச் சொன்னார்கள். அப்போதே எழுந்து போயிருக்கவேண்டும்.

ஏற்பாடு இது. தாத்தா கட்டிய கோயிலுக்கு அப்பா ஒரு புதிய உற்சவ அம்பாள் வார்க்கிறார். ஐம்பொன். அம்பாள் பேரில் ஒரு கட்டளை, பூஜைக்கான அறக்கட்டளை. மிச்ச நிலம் முழுவதும் கட்டளைக்கு. சாமி நிலத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் காகிதத்தில் மட்டும் இருக்கும் கட்டளைகளை அதிகாரிகள் நம்புவதில்லையாம். ஓர் ஆள் வேண்டும். மணம் செய்துகொள்ளாமல், இந்த வீட்டிலேயே குடியிருந்து, தினமும் அம்பாளுக்கு நைவேத்தியம் நடத்துகிற ஆள். அண்ணா பம்பாயை விட்டு வரமாட்டான்.

"நோக்கு என்ன குறை? நீ வெச்சதுதான் சட்டம் இங்கே" என்றார் அப்பா.

பத்திரத்தில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார். அந்த ஆள் குடியிருப்பை விட்டால் நிலம் குடும்பத்துக்கே திரும்பிவிடும். அம்பாளை முழுதாக நம்ப அவருக்கு மனம் வரவில்லை.

உலோகம் கொதிக்கும்போது வீட்டுப் பெண்கள் தங்கள் பொன்னை மூசையில் இடுவது வழக்கம். மூசை உனக்குத் தெரியும், உருக்குகிற பாத்திரம். அம்மாவின் வளையல்களை நான் இடப்போவதாக அப்பா ஊருக்குச் சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. பால்காரர் சொல்லித் தெரிந்தது.

களை பறிக்க வந்த செவ்வந்தியும் கேட்டாள். அவளும் அவள் புருஷன் வீரையனும் எங்கள் வடக்கு வெளியில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிர் செய்கிறார்கள். சட்டம் வந்தால் அந்த நிலம் அவர்களுக்கு.

"சாமி ஊத்துறாங்களாமே சின்னம்மா. எங்க நெலத்தையும் சேத்தா ஊத்துறீங்க?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

எல்லோரும் என்னிடம் அன்பாகவே இருக்கிறார்கள். அதுதான்.

பாகீரதி


பரோடா
12.12.1969

பாகீரதி,

முதலில்: கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

இரண்டாவது, வளையல். அதற்கு வழி இருக்கிறது. கிரேக்கர்கள் ஓர் உலோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பொன்னுக்கு அடுத்தது, மலைக்குள் விளைவது, கடலில் மூழ்கிய தேசத்தின் சுவர்களில் பூசியிருந்தது. பெயர் இருந்தது, பொருள் என்னவென்று தெரியவில்லை. பிற்காலத்தில் ரோமானியர்கள் அதே பெயரில் நாணயம் அடித்தார்கள். அந்த நாணயத்தை இங்கே பகுத்துப் பார்த்தோம். பித்தளை! உன் வீட்டுக் குத்துவிளக்கு. அத்தனை கவிஞர்கள் ஏங்கியது அதற்குத்தானோ என்னவோ.

நம் ஊரில் அதைவிட நன்றாகச் செய்கிறார்கள். கும்பகோணம் கடைத்தெருவில் சிதம்பரம் கவரிங் விற்கிற கடைக்குப் போ. அதே மாதிரி, அதே கனம் கேட்டு வாங்கு. உள்ளே செம்பு, மேலே பொன் மெருகு. மூசையில் இருப்பதும் செம்புதான். செம்பு செம்போடு சேர்ந்துவிடும். யாருக்கும் தெரியாது. அம்பாளுக்கும் தெரியாது. உலோகத்துக்கு நம்பிக்கை கிடையாது, பாகீரதி. உருகுநிலை மட்டும்தான்.

பேராசிரியரிடம் நீ வருவதாகச் சொல்லிவிட்டேன். இங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை. தூக்கத்தில் பேசுகிறேனாம், பக்கத்துக் கட்டில் பெண் சொல்கிறாள்.

நான் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போகலாம். வரமாட்டேன். காரணம் உனக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். அது பிறகு.

ஹமீதா


கீழவிளத்தூர்
24.1.1970

ஹமீதா,

செய்துவிட்டேன்.

சுவாமிமலையில், ஸ்தபதியின் பட்டறையில். மெழுகு உருகி ஓடிய மண் அச்சைக் குழியில் கழுத்துவரை புதைத்திருந்தார்கள். உள்ளே அம்பாள் வடிவில் வெறும் இடம். உலையின் சூடு முகத்தில் அறைந்தது. எங்கள் தெருப் பெண்கள் வாடகை வேனில் வந்திருந்தார்கள். அப்பா பஞ்சகச்சத்தில், கை கூப்பி.

வளையல் இறுக்கமாக இருந்தது. கையில் தேங்காய் எண்ணெய் தடவி நானே கழற்றினேன். கை வெறுமையானதும் எதிர்வீட்டு மாமி ஓவென்று அழுதாள். நான் இட்டேன். சின்னதாக ஒரு சுடர். பிறகு ஒன்றுமில்லை. நீ சொன்னபடி.

திரும்பினேன். அப்பாவின் கண் நிறைந்திருந்தது. அம்மா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"உங்கம்மா அம்பாள்கிட்டே போய்ச் சேர்ந்துட்டா" என்றார்.

அம்மாவின் வளையல்கள் என் பெட்டியில், பழைய பாடப் புத்தகங்களுக்கு அடியில், ஒரு ரவிக்கைத் துணிக்குள் இருந்தன. அங்கே நின்றபோது எனக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வார்த்து முடிந்து வெளியே வந்தோம். பஞ்சநதம் கார் முகப்பின்மேல் பத்திரத்தை விரித்தார். அப்பா பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

யாரும் வற்புறுத்தவில்லை. ஏமாற்றிவிட்டு நிற்கிறோம், பதிலுக்கு நிஜமான ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடவேண்டும் என்று இருந்தது. கொடுக்க அதுதான் அந்த நேரத்தில் முன்னால் இருந்தது. உனக்கு இது புரியாது. வேன் கும்பகோணம் மணிக்கூண்டைத் தாண்டும்போது எனக்கே புரியவில்லை.

பாகீரதி


பரோடா
2.2.1970

பாகீரதி,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

வளையலைக் காப்பாற்றிவிட்டுக் கையைக் கொடுத்திருக்கிறாய். முதல் வரியில் எழுதினேன். வேறு எதை மறந்தாலும் என்று.

சரி. போட்ட கையெழுத்து போகட்டும். வளையலை விற்று ரயில் ஏறு. ஒரு பெண் ஊரைவிட்டுப் போவதற்குப் பத்திரமா தடை? நான் முத்துப்பேட்டையிலிருந்து வந்தபோது எங்கள் தெரு முழுக்கக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. வந்தேன்.

ஹமீதா


கீழவிளத்தூர்
8.3.1970

ஹமீதா,

உனக்கு எளிது. நீ முதலில் வந்துவிட்டாய். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் ரயில் தூரம்தான்.

இங்கே நடந்தது. பிப்ரவரியில் சட்டம் வந்துவிட்டது. மாசியில் அம்பாள் பிரதிஷ்டை. அழகாக இருக்கிறாள். இடுப்பை லேசாக ஒடித்து, வலது கையில் பூப் பிடிக்கிற பாவனை. கன்னத்தில் ஒரு மஞ்சள் ஒளி இருக்கிறது. பாகீரதி போட்ட பொன் அது என்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அதைப் பார்க்கிறார்கள். எனக்குக்கூடச் சில சமயம் தெரிகிறது.

பிள்ளை பெறாதவர்கள் என் கையால் குங்குமம் கேட்கிறார்கள். என்னைவிட மூத்தவர்கள். வேண்டாம் என்றால் அது அடக்கம் என்கிறார்கள். நான் தனியாகக் கடைக்குப் போகக் கூடாது, கூட யாராவது வருவார்கள். பந்தியில் எனக்கு மறுபடி சாதம் போடட்டுமா என்றுகூட யாரும் கேட்பதில்லை, நான் கேட்டால் ஓடிவருகிறார்கள். வளையல் இல்லாத கையைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

விற்கச் சொல்கிறாய். கும்பகோணத்தில் அம்மாவுக்கு அதைச் செய்த பத்தர் இன்னும் இருக்கிறார். தஞ்சாவூரில் அப்பாவைத் தெரியாத நகைக்கடை இல்லை. தனியாக என்னை வெளியே விட்டால் அல்லவா விற்பது.

அறுவடை முடிந்ததும் வடக்கு வெளியை அம்பாளுக்கு ஒப்படைக்கும்படி வீரையனுக்கு ஆள் போயிற்று. அவன் மாட்டேன் என்றான். செங்கொடி கட்டி வரப்பில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. அவனை வலங்கைமானுக்குக் கொண்டுபோய் அடைத்திருக்கிறார்கள்.

அம்பாள் ஊர்வலம் தெற்குத் தெரு முனையோடு திரும்பிவிடும். செவ்வந்தி அந்த முனையில் நின்றுகொண்டிருந்தாள். கற்பூரம் காட்டி முடியும்வரை காத்திருந்து என் பக்கத்தில் வந்தாள்.

"ஒங்க நகையும் அவகிட்ட, எங்க நெலமும் அவகிட்ட. நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் கெடக்கோம் சின்னம்மா. ஒங்களுக்குச் சோறு வருது."

உலோகத்துக்கு நம்பிக்கை கிடையாது என்று எழுதினாய். இருக்கலாம்.

பாகீரதி


பரோடா
20.3.1970

பாகீரதி,

உனக்கு எளிது என்று எழுதியிருக்கிறாய். அதனால் இப்போது சொல்கிறேன்.

இரண்டாம் வருட விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா எங்கள் கடையைப் பற்றி, மழையைப் பற்றி, அன்பாகத்தான் கேட்டார். நீ எனக்கு எவர்சில்வர் தம்ளரில் மோர் கொடுத்தாய். போகும்போது வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் கை கழுவப் போனேன். அந்தத் தம்ளர் மாட்டுக் கொட்டகைச் சுவரின்மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. எவர்சில்வரும் கலப்பு உலோகம்தான், கறையே பிடிக்காது என்று நாம் சேர்ந்து படித்தோம். நீ பார்த்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்காமல் இருப்பதற்காகத்தான் உனக்கு இத்தனை கடிதம் எழுதுகிறேன் போலிருக்கிறது.

அதனால் வந்து அழைத்துப் போகமாட்டேன். கூடத்தைத் தாண்டி எனக்கு அந்த வீட்டில் வழி இல்லை.

கட்டளை உண்மையானதுதானா என்று விசாரணை இல்லாமலா விடுவார்கள்? உன்னையும் கூப்பிடுவார்கள். அங்கே சொல்லிவிடு. அம்பாளுக்குள் பொன் இல்லை, நான் போட்டது கவரிங் என்று. நம்பவில்லை என்றால் பீடத்துக்கு அடியிலிருந்து கடுகளவு துருவல் போதும். நானே இங்கே பகுத்து சதவீதக் கணக்கோடு அனுப்புகிறேன். அந்தக் கதை உடைந்தால் உன்னைக் கும்பிடமாட்டார்கள். யாரும் கும்பிடாத பெண் வெளியே போகலாம்.

ரயிலுக்குப் பணம் இத்துடன் வைத்திருக்கிறேன். என் உதவித்தொகைதான். திருப்பித் தரவேண்டாம்.

ஹமீதா


21.5.1970

ஹமீதா,

தம்ளரை நான் பார்த்தேன். எடுத்து உள்ளே வைக்கவில்லை.

விசாரணை கும்பகோணத்தில் நேற்று நடந்தது. சின்ன அறை. எங்கள் தெருப் பெண்கள் சாட்சிக்கு வந்திருந்தார்கள். ஜாமீனில் வந்த வீரையனும் செவ்வந்தியும் விவசாயச் சங்கத்து ஆட்களோடு வாசல் பக்கம் நின்றார்கள். குமாஸ்தா பத்திரத்தை உரக்கப் படித்தார். ஆள் குடியிருப்பை விட்டால் நிலம் குடும்பத்துக்கே திரும்பும் என்ற வரியை அதிகாரி மறுபடி படிக்கச் சொன்னார். அப்பா எழுந்து, தாயில்லாப் பெண் உடம்பில் கிடந்த பொன்னையெல்லாம் அம்பாளுக்குக் கொடுத்தது ஊரறிந்தது, இது காகிதக் கட்டளை இல்லை என்றார். மெதுவாக, நன்றாகப் பேசினார்.

என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன்.

"நான் போட்டது கவரிங் சார். அம்மா வளையல் என்கிட்டதான் இருக்கு."

எதிர்வீட்டு மாமி "அடிப்பாவி" என்றாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. துருவல், பரோடா, பகுப்பாய்வு எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கம் இருக்கா இல்லையாங்கறது எனக்கு வேண்டாம்மா. பிரதிஷ்டை ஆயிடுச்சு. கையெழுத்து உங்களுதா?"

"ஆமா."

"அந்த வீட்லதான் குடியிருக்கீங்களா?"

"ஆமா."

எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். உத்தரவு வரும்வரை இப்போது இருக்கிறபடியே இருக்கவேண்டும் என்றார். இப்போது இருக்கிறபடி என்பதில் நானும் ஒன்று.

பஸ்ஸில் பெண்கள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

இன்று மத்தியானம் அப்பாவுக்குச் சாதம் போட்டேன். மோர் ஊற்றும்போது சொன்னார்.

"இதைப் போய் அங்கே சொல்லணுமா? நேக்கு அன்னிக்கே தெரியும்."

எனக்குப் புரியவில்லை. நின்றேன்.

"இருபது வருஷம் இந்த வீட்டுல கேட்ட சத்தம். கழட்டி ஒண்ணோட ஒண்ணு பட்டப்பவே தெரிஞ்சுடுத்து, அது அவ வளையல் இல்லேன்னு."

"அப்போ ஏன்பா சொல்லலே?"

"சொல்லியிருந்தா நீ நிமிர்ந்துண்டு சண்டைக்கு வந்திருப்பே. தலையைக் குனிஞ்சுண்டு நின்னே. சரி, இப்போ பேனாவை நீட்டினா நீ போட்டுடுவேன்னு தோணித்து."

"அழுதேளே."

"அது வேற."

ஜெயித்தவர் குரலில் சொல்லவில்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விட்டேன் என்று சொல்வதுபோலச் சொன்னார். உப்பு கேட்டார். வைத்தேன்.

ஹமீதா, நான்கு மாதமாக என்னை அந்த வீட்டில் உட்காரவைத்திருந்தது வக்கீல் இல்லை, மாமிகள் இல்லை. அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்பதுதான். அந்தக் கண்ணீருக்கு நான் உட்கார்ந்து ஈடு கட்டிக்கொண்டிருந்தேன். ஏமாறாத ஒருவருக்கு.

"நான் கிளம்பறேன்பா."

"உத்தரவு வரட்டும்."

"உத்தரவு நிலத்துக்குப்பா."

இலையை மடித்தார். கை அலம்பினார். "கொல்லைக் கதவைச் சாத்திண்டு போ, பூனை வரது" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். கிணற்றடிக்குப் போகிறேன் என்று நினைத்தாரா, தெரிந்துதான் சொன்னாரா, அதை இனி அவரிடம் கேட்க முடியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. உள்ளே இறங்கியே நடந்தேன், தெருவுக்குத் தெரியாமல். மதகுக்குப் பக்கத்தில் செவ்வந்தி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொட்டியும் கையுமா எங்க சின்னம்மா?"

பரோடா என்றேன். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வடக்கே, இரண்டு நாள் ரயில் என்றேன். சுள்ளியைக் கீழே போட்டாள். அந்த வரியை அவளும் கேட்டிருந்தாள். நான் குடியிருப்பை விட்டால் நிலம் அம்பாளைவிட்டு அப்பாவிடம் திரும்பும். அப்பாவிடம் திரும்பினால் பதினைந்து ஏக்கருக்கு மேல் நிற்காது, மீதி உழுகிறவர்களுக்கு. அவள் அதை என் பெட்டியைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"ஐயாவுக்கு ஒடம்பு முடியலன்னு காயிதம் போடுவாங்க."

"போடுவார்."

"நெசமாவே முடியாமப் போனாலும் போடுவாங்க."

பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சாலைக்கு வந்து நின்றோம். மூன்று மணி பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நல்லபடியாகப் போய் வரச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"வந்துடாதீங்க சின்னம்மா" என்றாள்.

பாகீரதி